நூற்றுப் பதினெட்டாவது

ஞாயிறு காலை ஆறரை.
பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ரொட்டிக் கல் இன்னும் சூடாகவில்லை.
ஆ ஹெங் தன் பீரங்கி லென்ஸை
ரைஸ் குக்கர் பெட்டிக்குள் துண்டு சுற்றிக் கொண்டு வந்திருக்கிறான்.
புனிதமலர் பேரேட்டைத் திறக்கிறாள்.
எங்கள் வட்டாரத்தில் இதுவரை நூற்றுப் பதினேழு.
ஏழு மாதமாக அதே எண்.
"இன்னிக்கும் ஒண்ணும் கெடைக்கலைன்னா
நான் மீன் பிடிக்கப் போயிருவேன்."

நான் ஆலையில் எடைப்பாலம் பார்ப்பவள்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை
வந்த எடை, போன எடை என்று
வாரத்தில் ஆறு நாள் எழுதுகிறேன்.
ஏழாவது நாளும் கையில் பென்சில்தான், என்ன செய்ய.

தோட்ட கேட்டில் நேப்பாளிக் காவலாளி:
எங்கே?
பறவை பார்க்க.
பிடிக்கவா?
பார்க்க மட்டும்.
நம்பாமல் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டான்.

இருபத்திரண்டாம் நம்பர் காடு.
செம்பனை நிரைகளுக்குள் விடிய நேரமாகும்.
எலிக்காகக் கொம்பனி வைத்த ஆந்தைப் பெட்டியில்
ஒரு வெள்ளை முகம் எங்களைப் பார்த்துவிட்டு
நைட் ஷிப்ட் முடிந்ததுபோல் கண்ணை மூடியது.
பழையது, எட்டாம் எண்.
மீன்கொத்தி, பழையது.
மின்கம்பியில் ஏழு பஞ்சுருட்டான், பழையவை.
மைனாவை எழுதவே வேண்டாம் என்றாள் புனிதமலர்,
பிறகு மனசு கேட்காமல் எழுதினாள்.

ஒன்பது மணிக்கு மழை.
உரக் கொட்டகையில் ஒதுங்கி
நாசி லெமாக் பிரித்தோம். யாருக்கு நெத்திலி குறைவு என்று சண்டை.
அடுத்த எண் எந்தப் பறவைக்கு என்று
ஆளுக்கு ஐந்து வெள்ளி பந்தயம்.
நான் கழுகைச் சொன்னேன்.
பெரிதாக நினைக்கச் செலவில்லை.

மழை விட்டதும் ஆலைக் கழிவுக் குளம்.
அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.
எனக்கு அது சம்பளத்தோடு வரும் வாடை.
கோரைக்கு அப்பால்
அழுக்கு வெள்ளையில், இறக்கை ஓரம் கறுத்து,
முழங்கால் தண்ணீரில் நின்றன.
எண்ணினோம். பதினெட்டு.
"பாவம், அலகு அடிபட்டுப் போச்சி" என்றான் ஆ ஹெங்.
பதினெட்டுக்குமா?
மூடிய அலகின் நடுவே
மூடாத ஓர் இடம்.
அதன் வழியே அக்கரைப் பனை தெரிந்தது.

புனிதமலர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்ட,
"சாமுக்கோல்"
என்றது எங்களுக்குப் பின்னால் ஒரு குரல்.

அறுவடைக் கழி தோளில். மஞ்சள் பூட்ஸ்.
தினமும் லோரியோடு என் ஜன்னலுக்கு வரும் முகம்.
பெயரை அன்றுதான் கேட்டேன்: ஷொஹிதுல்.
சாமுக் என்றால் நத்தையாம்.
கீழே கிடந்த ஓடொன்றைக் காலால் புரட்டிக் காட்டினான்.
உடையவில்லை. உள்ளே ஒன்றுமில்லை.
நத்தைகுத்தி நாரை!
தமிழ்ப்பள்ளியில் எந்தப் படத்துக்கடியிலோ படித்தது
இத்தனை வருடம் எங்கே கிடந்ததோ,
வாயில் வந்துவிட்டது.
"எங்க ஊரு வயல் பூரா இதுதான்" என்றான் மலாயில்.
"இங்க மூணு வாரமா நிக்கிது."
யாரிடமும் சொல்லவில்லையா?
"யாரும் கேக்கலையே."

பேரேட்டில் கட்டங்கள்.
இனம். எண்ணிக்கை. முதலில் கண்டவர்.
நிலை: உள்ளூர், வலசை, வழிதவறியது;
ஒன்றை வட்டமிடவும்.
புனிதமலர் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள், ஷொ...
அவன் தாளின்மேல் கையை வைத்தான்.
"பேரு வேண்டாம் அக்கா.
பெர்மிட் போன மார்ச்சோட முடிஞ்சிடுச்சி."

குளத்தில் ஒரு நாரை
தலையை முழுக்க உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.
அழிக்க வேண்டும். யாரிடமும் ரப்பர் இல்லை.
ஒரு காலத்தில் மூவாயிரம் ஏக்கரும்
ரப்பராகவே நின்ற தோட்டம் இது.
புனிதமலர் விரலை நனைத்துத் தேய்த்தாள்.
ஷொ போனது, தாளும் கொஞ்சம் போனது.
நிலையை யாரும் வட்டமிடவில்லை.
அவன் கழியை எடுத்துக்கொண்டு
இருபத்து மூன்றாம் நம்பருக்கு நடந்தான்.

இரவு ஆ ஹெங் படம் அனுப்பினான்.
ஒவ்வோர் இறகும் தெரிய, வரிசையாக.
வலது ஓரத்தில், மங்கலாக,
ஒரு மஞ்சள் பூட்ஸ்.
வெட்டிடு, என்று பதில் போட்டேன்.
வெட்டி அனுப்பினான்.
அதோடு சேர்ந்து ஓரத்து நாரைகள் இரண்டும் போயிருந்தன.
படத்தில் பதினாறு.
பேரேட்டில் பதினெட்டு என்றுதான் இருக்கிறது.